கண்டி மழைக்குச் சிசிலியில் ஒரு குடை

என்னைக் கண்டதும் எங்கள் தெருப் பேக்கரிக்காரர் வானத்தைப் பார்ப்பார். வானத்தில் ஒன்றும் இருக்காது. இத்தாலியின் சிசிலித் தீவில் கடலோரத்துச் சின்ன ஊர் இது. ஒக்டோபர் முடிந்து நவம்பர் பிறந்த பிறகும் பிள்ளைகள் கடலில் குளிக்கிறார்கள். அந்த வெயிலில் நான் மட்டும் ஒரு கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாண் வாங்கப் போவேன். ஒருநாள் கேட்டேவிட்டார், குடை எதற்கு என்று. "மழைக்கு" என்றேன். எங்கே மழை என்றார். "என் ஊரில்" என்றேன். என் இத்தாலிய மொழியின் இலட்சணம் அப்படி. எங்கள் மதத்தில் குடையில்லாமல் பெண்கள் வெளியே வரக்கூடாது போலிருக்கிறது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். மறுவாரம் முதல் தெருக் கிழவிகள் என் குடையைப் பார்த்து மரியாதையாக வழிவிடத் தொடங்கினார்கள். திருத்திச் சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை, விட்டுவிட்டேன்.

உண்மை இதுதான். காலையில் எழுந்ததும் போனில் கண்டி வானிலையைப் பார்ப்பேன். பிற்பகல் இடிமழை என்று போட்டிருந்தால் கை தானாகக் குடையை எடுத்துவிடும். இங்கே வந்து ஏழு வருடமாகியும் இந்தக் கிறுக்கு போகவில்லை.

நான் வேலைக்கு நின்று பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோராவுக்கு, அதாவது வீட்டு அம்மாவுக்கு, எண்பது வயது தாண்டிவிட்டது. அவருக்குத் தொலைக்காட்சியில் வானிலைதான் நாடகம். இந்த இலையுதிர் காலம் வழக்கத்தைவிட வெப்பமாக, வறட்சியாக இருக்கும், அடுத்த மூன்று மாதமும் பெரிய மழை இல்லை என்று அதில் சொன்ன அன்று, அவர் தலையில் கைவைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். நான் கொடியிலிருந்து எடுத்து வந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டே மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்ந்த துணி! எனக்கு வயிறு எரிந்தது. ஐப்பசியில் எங்கள் கண்டி மஹய்யாவ வீட்டில் துணியை அறைக்குள் கயிறு கட்டிப் போடுவோம். நாலு நாளானாலும் காயாமல் ஒரு வாடை அடிக்கும். அந்த வாடையோடுதான் பள்ளிக்கூடம் போனேன். இவர்களுக்கோ நவம்பர் நடுவில் வருகிற வெயிலுக்குக்கூட ஒரு புனிதரின் பெயர் இருக்கிறது, சான் மர்த்தீனோவின் கோடை என்று. வெயிலை இப்படி வாரிக் கொடுத்துவிட்டு எங்களுக்குத் தகரத்தில் விழும் மழையைக் கொடுத்த கடவுளிடம் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது.

ஆனால் என்னுடைய பெரிய பொறாமை இந்த ஊர்க்காரர்கள் மேல் இல்லை. அது கவிதா அண்ணி மேல்.

எங்கள் குடும்பத்துக்குக் கதிரையும் கூடாரமும் வாடகைக்கு விடுகிற தொழில். கலியாணம், சாவு, கோயில் திருவிழா எதுவானாலும் எங்கள் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள் போகும். கூடாரம் எங்கே முதலில் போக வேண்டும், எந்த வீட்டுக்குத் தறப்பாள் கூடுதலாக அனுப்ப வேண்டும் என்பதை மழைதான் தீர்மானிக்கும். அந்த மழையை எங்கள் வீட்டில் தீர்மானித்தவள் நான். பன்னிரண்டு வயதிலிருந்தே மொட்டைமாடிக்கு ஏறி, பட்டணத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஹந்தானை மலையைப் பார்ப்பேன். காலை எட்டு மணிக்குக் கலைந்த மூட்டம் பதினொரு மணிக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தால் இரண்டு மணிக்கு மழை. அப்பா கீழே நின்று, "என்னம்மா, ஹந்தானை என்னா சொல்லுது?" என்று கத்துவார். லொறிக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பும். அந்த நிமிஷத்துக்காகவே நான் பிறந்தேன் என்று நினைத்திருந்தேன்.

நான் வெளிநாடு வந்த வருடம் அண்ணன் கவிதாவைக் கட்டினார். அவர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் தூரத்திலிருந்து பார்த்த மலைக்குள் அவர் கொழுந்து பறித்திருக்கிறார். எப்படி இருக்கும் எனக்கு! முதல் வருடம் மழை வருமா என்று அண்ணன் போனில் என்னிடமும் கேட்டார். "நீ சொல்றது சரிதான், எதுக்கும் கவிதாகிட்டயும் கேட்டுக்குறேன்" என்பார். பிறகு என்னிடம் கேட்பது நின்றுபோனது. வாங்க, போங்க என்று பாசமாகப் பேசுகிற நல்ல மனுஷி அவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இந்த ஐப்பசியில் தம்பி ரமேஷுக்குக் கலியாணம். என் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் இத்தாலியைவிட்டு அசையப் பயம். போகத்தான் முடியாது, மழையையாவது நான் சொல்கிறேன் என்று பருவகாலக் கணிப்பைத் தேடித்தேடிப் படித்தேன். கண்டிப் பக்கம் இந்த மூன்று மாதமும் வழக்கத்தைவிட மழை கூடுதல் என்று இருந்தது. அண்ணனை அழைத்து, "என்ன ஓடர் வந்தாலும் நம்ம கூடாரத்துல ரெண்ட நம்ம விருந்துக்கு வச்சிருங்க" என்று சொன்னேன். "சரிம்மா, சரி" என்றார்.

கலியாணத்தன்று காலையில் கண்விழித்தபோது அண்ணியின் குரல் பதிவு வந்திருந்தது. "மலரு, கோவிச்சுக்காதீங்க. திகனயில முஸ்லிம் நானா ஒருத்தரு மகளுக்கும் இன்னைக்குத்தான் கலியாணமாம். அவங்க பந்தல் ராத்திரி காத்துல கிழிஞ்சிபோச்சு, பாவம். நம்ம ரெண்டையும் குடுக்கச் சொல்லிட்டேன். ஹந்தானைய பாத்துட்டேன், நாலு மணிக்கு முன்ன மழ எறங்காது. நம்ம விருந்து மூணுக்கே முடிஞ்சிரும்."

கூடாரக்காரன் வீட்டுக் கலியாணம் கூடாரமில்லாமல் வெட்டவெளியில்! அதுவும் அவர் பேச்சைக் கேட்டு. எனக்கு வந்த கோபத்தில் தேநீரில் சீனி போட மறந்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன். படத்துக்கு முன்னால் நின்று முருகனிடம் கேட்டேன்: "ஒரே ஒரு மழ. பத்து நிமிஷம் போதும். விருந்து நேரத்துல." என் தம்பியின் கலியாணத்தில் மழை பெய்ய வேண்டும் என்று கூடப்பிறந்த நானே வேண்டிக்கொண்டேன்.

ஒன்பதரைக்குப் பாண் வாங்கக் கிளம்பினேன். அங்கே பிற்பகல் இரண்டு மணி, பந்தி நடக்கிற நேரம். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார், என் வெறுங்கையைப் பார்த்தார், கடலைக் காட்டிப் பதற்றமாக ஏதோ சொன்னார். வழக்கமான கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டு நடந்தேன். கடலோர மதிலில் உட்கார்ந்து அண்ணனை வீடியோவில் அழைத்தேன்.

எடுத்தது அண்ணி. திரை முழுக்க வெயில். கோயில் மைதானத்தில் எங்கள் சிவப்புக் கதிரைகள் வரிசையாக, எல்லாவற்றிலும் ஆட்கள். பட்டுவேட்டியில் ரமேஷ் புதுப்பெண்ணுக்கு வடையை ஊட்டிக்கொண்டிருந்தான். அண்ணி போனைத் திருப்பி மலையைக் காட்டினார். உச்சி பளிச்சென்று தெரிந்தது. நான் மொட்டைமாடியில் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கூடாரத்தைக் கொடுத்தது சரி. எல்லாம் சரி. 

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் கடல் இருண்டது. மூன்று மாதத்துக்குப் பெரிய மழை இல்லை என்று கணிக்கப்பட்ட கரையில், வாளியோடு கவிழ்த்தது போல ஊற்றியது. ஓடி ஒதுங்கக்கூட இடமில்லை.

"ஐயோ மலரு! என்னா இது, இப்புடி நனையிறீங்க! கொட எங்க?" என்று அண்ணி அலறினார். கதிரைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. கண்டியில் மழை என்றாலே கையோடு வருகிற குடையை, போனில் இடிமழை என்று போட்டிருந்தும் இன்றைக்கு ஏன் கதவோரம் விட்டுவிட்டு வந்தேன்?

"நீங்கதானே அண்ணி, மழ வராதுன்னு சொன்னீங்க" என்றேன்.

 அண்ணி சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துவிட்டுப் போனைப் பந்திப் பக்கம் திருப்பினார். நான் கேட்ட மழை என் போன் திரையில் துளித்துளியாக விழுந்தது. சிவப்புக் கதிரைகள் மேல், பந்திமேல், தம்பியின் தலைமேல். சால்வை நுனியால் அவசரமாக அவன் முகத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க விழுந்துகொண்டே இருந்தது.