சமீபத்தில் அம்மை போட்டவர்கள் யார்?

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஹைதராபாத்தில், சனத்நகரில் இருந்த ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். வீடு போலாரத்தில். நடுவே ஒரு பழைய ஸ்கூட்டர். பாதி தூரம் அது என்னைச் சுமக்கும், மீதி தூரம் நான் அதைத் தள்ளுவேன். சம்பளம் படம் வரைவதற்கு என்றாலும் நான் பெயர் வாங்கியது கேன்டீனில்தான். எந்த அதிகாரி எப்படித் தும்முவார், எவர் எப்படி ஃபைலை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு தூங்குவார் என்று சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சின் மேல் ஏறி நடித்துக் காட்டுவேன். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. வீட்டில் குழந்தை வேஷத்தையும் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் கழுத்தின் இடது பக்கம் நெறி கட்டியது. கொட்டைப்பாக்கு அளவில், வலியே இல்லாமல். டி.பி.யாக இருக்கும் என்று சில மாதம் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட இடம் வீங்கியதே தவிர, வீங்கிய இடம் வற்றவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு முளைத்தன. ஆள் இளைத்தேன். பனியனைப் பிழிந்து காயப்போடும் அளவுக்கு வியர்த்தது. கடைசியில் ஊருக்கு நடுவே இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் நெறியில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். ஹாட்ஜ்கின் நோய் என்றார் டாக்டரம்மா. ரத்தப் புற்றுநோய்க் குடும்பத்தில் ஒரு பங்காளி.

அந்த அம்மா பொறுமையானவர். என் வேலை என்ன என்று கேட்டுக்கொண்டு அதற்கு ஏற்றபடி விளக்கினார். உடம்பைக் காவல் காக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு கூட்டம் கெட்டுப்போய்விட்டது. உங்கள் தொழிற்சாலையில் செக்யூரிட்டி ஆட்களே சேர்ந்து கொள்ளையடித்தால் எப்படியோ அப்படி. மருந்து இருக்கிறது, குணமாக நல்ல வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் அந்த மருந்துக்கு நல்ல காவலாளி, கெட்ட காவலாளி என்று தெரியாது, எல்லாரையும் வெளியே தள்ளிவிடும். அந்த நாட்களில் கேட் திறந்து கிடக்கும். காய்ச்சல் என்றால் உடனே வாருங்கள். அம்மை கண்ட வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

"எங்க ஃபாக்டரியில செக்யூரிட்டி இருந்தாலும் கேட் திறந்துதான் கிடக்கும் டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் மனைவி தொடையில் கிள்ளினாள். அந்தக் கிள்ளலில்தான் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது.

மாதா மாதம் ஊசியும் மாத்திரையும். போட்ட அன்று குடல் வாய்க்கு வந்துவிடும். மூன்றாம் மாதம் அதற்கு ஊசியே தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற தெருவுக்குள் ஸ்கூட்டர் திரும்பினாலே வாந்தி வந்தது. ஒரு மாத்திரை கன்னத்தை உப்ப வைத்தது. அதைப் பார்த்து ஆபீஸில், "ஆள் நல்லா தேறிட்டீங்க, வீட்டுச் சமையலா?" என்று கேட்டார்கள். என் மேனேஜர் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும், அவர் வாயே திறக்காத மனிதர். மற்றவர்களுக்கு, ஊரில் நிலத் தகராறு, கோர்ட்டுக்கு அலைகிறேன் என்று சொல்லியிருந்தேன். என் பெயரில் பூமியில் ஒரு சாண் நிலம் கிடையாது.

பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. ஒரேயடியாக மழித்துக்கொண்டு போனேன். வாசலிலேயே, "திருப்பதியா?" என்றார்கள். தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது: லட்டு எங்கே? செகந்திராபாத் மிட்டாய்க்கடை ஒன்றில் லட்டு வாங்கி, பச்சைக் கற்பூரம் தூவி, ஆளுக்கு ஒரு கிள்ளு கொடுத்தேன். எங்கள் சூப்பரின்டெண்டென்ட் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். மலை லட்டுக்கு வாசனையே தனி என்றார். ஏழுமலையான் எனக்காக எடுத்து வைத்திருந்த கொஞ்ச நஞ்சக் கருணையும் அன்றோடு தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் மறைத்தேன் என்றால், ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஒதுங்குவார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பாவம் என்று பார்ப்பார்களே, அதை ஒரு கோமாளி தாங்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து போர்ஷனில் இருந்த தமிழ்க் குடும்பத்துக்கு நாலு வயதில் ஒரு பெண். நாம் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்லும். என் மொட்டையின் மேல் அதற்கு அப்படி ஒரு பிரியம். அன்று மத்தியானம் முழுக்க என் மடியில் உட்கார்ந்துகொண்டு தலையைத் தடவி, "சிக்னா ஹே அங்கிள்", வழுவழுன்னு இருக்கு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கொஞ்சம் உடம்பு கதகதப்பாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பால் வாங்கப் போன மனைவி வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். திருநெல்வேலிக்காரி, பதறினால் பேச்சில் ஊர் வந்துவிடும்.

"ஏங்க, பக்கத்து வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகியிருக்காங்க. பிள்ளைக்கு அம்மை போட்டிருக்காம். நேத்து பூரா உங்க மடியிலல்லா கிடந்துச்சு? உங்களுக்குச் சின்ன வயசுல போட்டுதா, இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை. மதுரையில் இருந்த அக்காவுக்கு டிரங்க் கால் போட்டேன். "உனக்குப் போடவே இல்லடா. எங்க எல்லாருக்கும் போட்டப்ப உன்னை மட்டும் மாமா வீட்டுக்கு அனுப்பித் தப்பிக்க வெச்சோம்ல" என்று பெருமையாகச் சொன்னாள். ஒரு முறை போட்டிருந்தால் உடம்பில் எதிர்ப்பு இருந்திருக்கும். அன்று என்னைக் காப்பாற்றிய குடும்பம் இப்போது என்னைச் சிக்கலில் மாட்டிவிட்டிருந்தது.

டாக்டரம்மா முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசினார். மற்றவர்களுக்கு அது கொப்புளத்தோடு போய்விடும். உங்களுக்கு நுரையீரலுக்குள் இறங்கலாம், இறங்கினால் எங்களால் அதிகம் செய்ய முடியாது. தடுப்பதற்கு ஒரு ஊசி உண்டு, இங்கே இல்லை. பம்பாய்க்கு, டெல்லிக்கு என் எதிரிலேயே போன் செய்தார். கிடைக்கவில்லை. இன்னொரு வழி, சமீபத்தில் அம்மை போட்டு நன்றாகக் குணமானவரின் ரத்தம். அதிலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து எனக்கு ஏற்ற வேண்டும். அதில் எதிர்ப்புச் சக்தி ததும்பிக்கொண்டிருக்கும். எனக்கு ஓ குரூப் என்பதால் யாருடைய பிளாஸ்மாவும் ஒத்துவரும். ஆனால் இன்று, அதிகம் போனால் நாளை. அதற்குப் பிறகு பிரயோஜனம் இல்லை.

அது அம்மை சீசன். எங்கள் தொழிற்சாலையில் நிறையப் பேர் லீவு போட்டுக் குணமாகித் திரும்பியிருப்பார்கள். யார் என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி. அன்று மத்தியானமே கேன்டீனுக்குப் போய் வழக்கமான பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். நான் ஏறினாலே தட்டை எடுத்துக்கொண்டு கூட்டம் கூடிவிடும். கூடியது. எனக்குத் தெரிந்த தெலுங்கு, ஹிந்தி எல்லாவற்றையும் கலந்து சொன்னேன். எனக்கு கேன்சர், ரத்தம் சம்பந்தப்பட்ட கேன்சர். சமீபத்தில் அம்மை போட்டவர்கள் யார்? அவர்கள் ரத்தம் எனக்கு வேண்டும்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள்.

நிஜம்தான் என்றேன். இன்னும் சிரித்தார்கள். தொப்பியைக் கழற்றி மொட்டையைக் காட்டினேன், "கோவிந்தா" என்றான் ஒருவன். சட்டைக் காலரை இறக்கிக் கழுத்தில் வெட்டிய தழும்பைக் காட்டினேன், "உங்க வீட்டம்மா கரண்டியால போட்டதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான் லேத் மெஷினில் வேலை செய்கிற ஒரு பையன். நான்தான் சொல்லியிருந்தேன். இதில் கொடுமை என்னவென்றால், அவர்கள் சிரிக்கச் சிரிக்க, பழக்க தோஷத்தில் என் முகமும் இளித்தது. இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. சாகப் போகிறேன் என்று இளித்துக்கொண்டே சொன்னால் யார் நம்புவார்கள்?

பெஞ்சை விட்டு இறங்கி அதிலேயே உட்கார்ந்தேன். கூட்டம் சாம்பாருக்குக் கலைந்தது.

எதிரே ஒருவர் டீ கிளாஸோடு வந்து உட்கார்ந்தார். டைம் ஆபீஸ்காரர், பழைய நகரத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும். அவருக்குச் செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் விட்டுவிட்டு வேலை பார்க்கிற பழக்கம். காலையில் கார்டு பஞ்ச் பண்ணும்போது அதில் ஒன்றைக் காலாலேயே நகர்த்திக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் விடுவது என் பழக்கம். அவர் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு தேடுவார், என் குலத்தையே உருதுவில் விசாரிப்பார்.

"தீன் மஹினே சே மேரா சப்பல் ஜாகே பேச் ஹே மியா" என்றார். மூன்று மாசமாக என் செருப்பு விட்ட இடத்திலேயே இருக்கிறதே என்று அர்த்தம். "அப்பவே நினைச்சேன். ஹஸ்னா நக்கோ. க்யா ஹுவா போலோ."

சிரிக்காதே, என்ன ஆச்சு சொல் என்று ஒருவர் கேட்டதும் முகம் ஒருவழியாக அடங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். முழங்கை வரை ஆறிய வடுக்கள், புள்ளி புள்ளியாக. கன்னத்திலும் இருந்தன.

"சோட்டி மாதா. போன மாசம்" என்றார், சின்னம்மைக்கு அங்கே அதுதான் பெயர். "கித்தா ஹோனா?" எவ்வளவு வேண்டும்?

அம்மையில் படுத்து அவர் வாரக்கணக்கில் வரவில்லையாம். தினமும் அந்த மேஜையைத் தாண்டித்தான் போகிறேன். நாற்காலியில் வேறு ஆள் இருந்ததையும் நான் பார்க்கவில்லை, திரும்பி வந்தவர் முகத்தில் இருந்த வடுவையும் பார்க்கவில்லை.

அவர் அதோடு விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த லேத் பையனைக் காலரைப் பிடித்து எழுப்பினார். அவனுக்கும் அம்மை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. பையன் என் முகத்தைப் பார்த்தான், இப்போது அவன் சிரிக்கவில்லை. அம்மவாரு, அதாவது அம்மன், இறங்கிய உடம்பு, இதிலிருந்து ரத்தம் கொடுத்தால் அவளுக்குக் கோபம் வருமே, அம்மாவைக் கேட்க வேண்டுமே என்று தயங்கினான்.

"அம்மவாருகிட்ட நான் பேசிக்கிறேன். நீ பஸ்ஸுல ஏறு" என்றார் டைம் ஆபீஸ்காரர்.

அன்று மாலையே இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். மறுநாள் உருக்கிய நெய் நிறத்தில் பிளாஸ்மா எனக்குள் சொட்டு சொட்டாக இறங்கியது. மூன்று நாலு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான வாரங்கள் வந்ததில்லை. தினமும் காலையில் என்னை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி மனைவி உடம்பு முழுக்கத் தேடுவாள்.

"அசையாம நில்லுங்க. இது நேத்து இருந்துச்சா?"

"அது மச்சம்."

"கல்யாணத்தப்ப இல்லையே."

"கல்யாணத்தப்ப என் முதுகையா பார்த்துக்கிட்டிருந்தே?"

"பேசாதீக."

ஒரு கொசுக்கடிக்கு ஆஸ்பத்திரி வரை போய் வந்திருக்கிறோம். பிறகு ஒரு நாள் இடுப்பில் மூன்று புள்ளி. தண்ணீர் கோத்து, கண்ணாடி மணி மாதிரி. உடனே ஆட்டோ பிடித்தோம். ஆட்டோ செகந்திராபாத் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு மாதிரியாவது பேசிக் காட்டுங்களேன்" என்றாள். எத்தனை முறை இந்த நாடகமெல்லாம் போதும் என்று திட்டியவள். எனக்கு ஒரு குரலும் வரவில்லை. என் குரலே வரவில்லை.

படுக்கையில் போட்டார்கள். காய்ச்சல் லேசாக வந்தது. டாக்டரம்மா வேளைக்கு ஒருமுறை நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் நாலைந்து கொப்புளம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வந்தவை பொருக்குத் தட்டின. ஒரு காலை குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "பிளாஸ்மா வேலை செய்திருக்கிறது" என்றார். என் மனைவி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

மீதி ஊசிகள், அதற்கு மேல் கழுத்தில் கதிர் சிகிச்சை எல்லாம் முடித்து நான் பிழைத்துக்கொண்டேன் என்பது இதை எழுதுவதிலிருந்தே தெரியும். கேன்டீனில் கொஞ்ச நாள் நான் பயந்தபடியே நடந்தது. நான் என்ன சொன்னாலும் ஒருவரும் சிரிக்கவில்லை, பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்கள். அதுவும் மெல்ல மாறியது. டைம் ஆபீஸ்காரர் ஓய்வு பெற்ற பிறகும் வருஷா வருஷம் ஈத் அன்று அவர் வீட்டுக்குப் போவோம். என்னைத் தன் பேரக் குழந்தைகளிடம், இந்த ஆளுக்குள் கொஞ்சம் நான் இருக்கிறேன், அதனால்தான் இப்போது மரியாதையாக நடந்துகொள்கிறான் என்று அறிமுகப்படுத்துவார்.

அதற்குப் பிறகு என் பேச்சுக்கு யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய், இந்த வயதிலும் ஓரக்கண்ணால் பார்க்கத்தான் செய்கிறேன். ஆனால் கூடவே, யாரைக் கொஞ்ச நாளாகக் காணோம், யார் சாப்பாட்டைத் தொடாமல் மூடி வைக்கிறார்கள் என்பதும் இப்போது கண்ணில் படுகிறது, பட்டுவிட்டால் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன ஆச்சு என்று கேட்காமல் என்னால் எழுந்து வர முடிவதில்லை.