சுடாத சுவிட்ச்

பெட்டியில் உதிரி பாகங்களாக வந்த காரை நானே பூட்டி, விளக்குகளுக்கும் நானே வயர் இழுத்திருந்தேன். தேயிலைத் தோட்டத்து வளைவில், பனிமூட்டத்துக்குள், சுவிட்ச் உருகி இரண்டு விளக்கும் அணைந்தன. சாயங்காலத்துக்குள் தானா ராத்தா டவுனுக்குப் போகாவிட்டால் கிடைத்த வேலை போய்விடும்.

தோட்டத்து வயர்மேன் ரப்பர் பூட்சோடு வந்தார். உருகிய சுவிட்சை மோந்து பார்த்துச் சிரித்தார்.

“ரிலே எங்கய்யா?”

“சுவிட்ச் போதும்னு நெனச்சேண்ணே.”

“துரை மூட்டை தூக்குவாரா? கை காட்டுவாரு, நாமதான் தூக்குவோம். சுவிட்சும் துரைதான் லா. கரண்டைத் தூக்க ரிலே வைக்கணும்.”

புது சுவிட்சும் விளக்குக்கு ஒன்றாக இரண்டு ரிலேயும் பூட்டிவிட்டு, கூடவே ஏறிக்கொண்டார். வளைவு வளைவாக இறங்கினோம். அவர் சாலையையோ பள்ளத்தையோ பார்க்கவில்லை. கட்டைவிரல் புது சுவிட்ச் மேலேயே இருந்தது. தானா ராத்தாவில்தான் எடுத்தார்.

“சுடல,” என்றார்.

எனக்கு ஓட்டத் தெரியுமா என்று மட்டும் அவர் கடைசிவரை கேட்கவே இல்லை.