ஆறரைக் கட்டை

இதைப் படித்துவிட்டு, "சரியான புளுகு" என்று நீங்கள் சொன்னால் எனக்கு வருத்தமில்லை. நானும் அப்படிச் சொல்கிற ஆள்தான். பேய்ப் படம் போட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் பின்னணியில் எத்தனை வயலின் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். ஆனால் நான் கீபோர்ட் வாசிக்கிறவன். காதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தக் காது கேட்டதை மட்டும் எழுதுகிறேன். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

எங்களுடையது சின்ன பேண்ட். பிறந்த நாள், கல்யாண வரவேற்பு, கம்பெனி விருந்து என்று யார் கூப்பிட்டாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போவோம். நான் கீபோர்ட். என் தங்கச்சி பாடுவாள். அவள் புருஷன், அதாவது என் மச்சான், டிரம்ஸ். சவுண்டுக்கு வயர் அண்ணன். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது, அவர் வீட்டிலேயே அதை மறந்திருப்பார்கள். கிட்டார் வாசித்தவன் நல்ல வேலை கிடைத்து, புத்தி வந்து, போய்விட்டான். அவன் வேலையையும் என் இடது கைதான் பார்க்கிறது.

தங்கச்சியைச் சில்லு என்று கூப்பிடுவோம். கைக்குழந்தையாக இருந்தபோதே கண்ணாடி உடைகிற மாதிரி கத்துவாளாம். பின்னால் அந்தக் கத்தல்தான் எங்கள் பிழைப்பு ஆனது. ஆறரைக் கட்டையில் பாடுவாள். கட்டை என்பது சுருதியின் உயரம். ஆறரை என்றால் பல பாடகிகள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இவள் அங்கேயே குடித்தனம் நடத்தினாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் "ம்க்கும்" என்று ஒரு சின்னக் கனைப்பு. அது அவள் பழக்கம். நான் எத்தனை திட்டியும் விடவில்லை.

போன வருஷம் ஒரு பார்ட்டி ஹாலில் பாடிக்கொண்டிருந்தாள். சரணத்தின் மூன்றாவது வரி, பாட்டின் உச்சம். குரல் பட்டென்று அறுந்தது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிப் போனாள். குரல்நாணில் கட்டி என்றார்கள். ஆபரேஷன். பல வாரம் பேசக்கூடாது, இனி ஆயுசுக்கும் கனைக்கவே கூடாது என்றார் டாக்டர். கனைப்பை நான் விட வைக்கவில்லை, டாக்டரின் கத்தி விட வைத்தது.

திரும்பி வந்தது வேறு குரல். லேசான கரகரப்பு. ஐந்து கட்டையைத் தாண்டாது. எனக்கு அது பிடித்திருந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இது என் குரல் இல்லண்ணா. யாரோடதையோ வாடகைக்கு எடுத்த மாதிரி இருக்கு."

மச்சான் சும்மா இருந்திருக்கலாம். அதே ஹாலில் ஒரு நிகழ்ச்சியை ஒத்துக்கொண்டு வந்து நின்றான். ஒரு தம்பதிக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். "விழுந்த இடத்துலதான் எந்திரிக்கணும்" என்றான்.

"சரி" என்றாள் சில்லு. "ஆனா அன்னிக்கும் தொண்டை காலை வாரிச்சுன்னா, இனி நான் மேடை ஏற மாட்டேன். என்னை யாரும் கெஞ்சக் கூடாது."

அவள் ஏறாவிட்டால் பேண்ட் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. பாடாத மாதங்களில் அவள் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது.

நாங்கள் ஹாலுக்குப் போனபோது சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில். போன வருஷத்திலிருந்தே பழக்கமான வாட்ச்மேன் எங்களைக் கண்டதும் முழித்தார்.

"என்ன சார், இப்பத்தான் வர்றீங்களா?"

"பின்ன எப்ப வரணும்?"

"அக்கா மத்தியானமே வந்துட்டாங்கன்னு நினைச்சேன். உள்ள பாட்டு கேட்டுதே."

ஹால் கதவில் பூட்டு தொங்கியது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

"மத்தியானச் சாப்பாடு பலமோ?" என்றான் மச்சான். நாங்கள் சிரித்தோம். வாட்ச்மேன் சிரிக்கவில்லை.

ஸ்பீக்கரை ஏற்றினோம், வயர் இழுத்தோம், மைக் சோதித்தோம். சில்லு மைக்கைப் பிடித்து, "செக்... செக்... ஒன், டூ..." என்றாள். பின்சுவரிலிருந்து எதிரொலி வந்தது. செக்... செக்... ஒன், டூ...

எனக்கு எங்கேயோ உறுத்தியது. எதிரொலி என்றால் தேய்ந்து வரும், தாமதமாக வரும். உயர்ந்து வராது. இது அவள் குரலைவிட மேலே கேட்டது. கீபோர்டில் விரல் வைத்துப் பார்த்தேன். சரியாக ஒன்றரைக் கட்டை மேலே.

"இந்த ஹால்ல எதிரொலி அதிகமோ?" என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"எதிரொலியா? சுவர் பூரா துணி ஒட்டியிருக்கு சார். கத்தினாக்கூட திரும்பி வராது."

துணியைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தை மாதிரி இருந்தது. அதற்குப்பின் என்னால் உட்கார முடியவில்லை. ஒரே வயரை மூன்று முறை கழற்றி மாட்டினேன். "என்னடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தவிக்கிற?" என்றார் வயர் அண்ணன்.

இங்கே என் சோம்பேறித்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சில்லுவின் சுருதி இறங்கிய பிறகும் நான் விரலை மாற்றிப் பழகவில்லை. கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. மூன்று முறை அழுத்தினால் ஆறரை ஐந்தாகிவிடும். விரல் பழைய இடத்தில் ஓடும், சத்தம் கீழே கேட்கும். ஒரே ஒரு தொல்லைதான். கரண்ட் போய் வந்தால் அது பழையபடி ஆறரைக்கே திரும்பிவிடும்.

நிகழ்ச்சி நன்றாகவே ஆரம்பித்தது. முதல் இரண்டு பாட்டைச் சில்லு மைக் ஸ்டாண்டை விடாமல் பிடித்தபடி பாடினாள். மூன்றாவது பாட்டில் யாரோ விசிலடித்தார்கள். அவள் சிரித்தாள். மேடையில் அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! மச்சான் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கண்ணடித்தான்.

அப்போதுதான் அது கேட்டது. எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்பதற்காகக் காலடியில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருப்போம். அதிலிருந்து...

"ம்க்கும்."

நிமிர்ந்து பார்த்தேன். திட்டத்தான் பார்த்தேன். சில்லு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். மைக் ஸ்டாண்டில் இருந்தது.

எட்டு பத்துக்குக் கரண்ட் போனது. இருட்டில் எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். பிறகு ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது. கல்யாண நாள் கொண்டாடிய அம்மா மேடைக்குப் பக்கத்தில் வந்து ஒரு பாட்டைக் கேட்டார். அவர்கள் கல்யாணத்தன்று பாடிய பாட்டாம்.

அதே பாட்டு. போன வருஷம் அறுந்த பாட்டு.

நான் சில்லுவைப் பார்த்தேன். அவள் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். நான் ஆரம்பித்தேன்.

நாலு தாளம் வாசித்ததும்தான் காதில் உறைத்தது. சத்தம் பளிச்சென்று மேலே நின்றது. பட்டன்! பட்டனை அழுத்த மறந்துவிட்டேன். ஆறரையில் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

சில்லுவுக்கும் புரிந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நிறுத்தலாம் என்று கையை எடுக்கப் போனேன்.

பாட்டு தொடங்கிவிட்டது.

கணீரென்று. ஆறரையில். கரகரப்பே இல்லாமல்.

எனக்குக் கண் கலங்கியது. வந்துவிட்டது, அவள் குரல் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரே ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன்.

சில்லு மைக்கைக் கீழே இறக்கினாள்.

பாட்டு நிற்கவில்லை.

அவள் உதடு மூடியிருந்தது. கை தொண்டையில் இருந்தது.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவன். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. டிரம்ஸும் அந்தக் குரலும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. கூட்டம் முழுக்க அந்தத் தம்பதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, சில்லுவின் வாயை யாரும் கவனிக்கவில்லை.

வயர் அண்ணனைப் பார்த்தேன். அவர் சில்லுவின் மைக்கை முழுவதும் குறைத்துவிட்டார். குறைத்த விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சேனல் உள்ள அவருடைய மிக்சரில் வேறொரு இடத்தில் பச்சை விளக்கு துள்ளிக்கொண்டிருந்தது. எட்டாவது சேனல்.

எட்டில் நாங்கள் எதையும் சொருகவில்லை.

சரணம்... முதல் வரி.

இரண்டாவது வரி.

மூன்றாவது வரி. அறுந்த இடம்.

இந்த முறை அறுந்துபோகவில்லை.

மேலே போனது... இன்னும் மேலே... தாண்டியது.

பிறகு அமைதி. அதன்பின் கைதட்டல். நாற்காலியை விட்டு எழுந்து நின்று தட்டினார்கள்.

"ஒன்ஸ் மோர்!"

சில்லு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது வேனில் மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "என்னம்மா, பின்னிட்டே! நான் சொன்னேன்ல?"

"நான் பாடல."

"சும்மா இரு."

"நான் பாடலங்க. தொண்டையிலேர்ந்து யாரோ நூலை உருவுற மாதிரி இருந்துச்சு. இன்னும் உருவுது."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

வயர் அண்ணன் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதிவு செய்வார். மறுநாள் சில்லுவின் மைக்கில் பதிவானதை மட்டும் போட்டுக் காட்டினார். ஜெனரேட்டர் இரைச்சல். தூரத்தில் டிரம்ஸ். அவள் மூச்சு. பாட்டு முடிகிற இடத்தில், மூச்சோடு மூச்சாக, ஒரு வரி.

"அண்ணா... அது நான்தான்."

அப்படிச் சொன்ன ஞாபகமே தனக்கு இல்லை என்றாள்.

அன்றிலிருந்து அவள் குரல் தேய ஆரம்பித்தது. முதலில் கரகரப்பு கூடியது. பிறகு ரகசியம் பேசுகிற மாதிரி ஆனது. பிறகு வெறும் காற்று. டாக்டர் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். எங்களுக்கும் திரையில் காட்டினார்.

"அருமையா ஆறியிருக்கு. ஒரு குறையும் இல்ல. ஏன் பேச மாட்டேங்கறாங்க? தாராளமா பாடலாமே."

மச்சான் அந்த அறையிலேயே அழுதான். சில்லு அழவில்லை. வீட்டுக்கு வந்து சன்னல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

போன வாரம், சாயங்காலம், ஆறேகால் மணி. மச்சான் கடைக்குப் போயிருந்தான். சில்லு எனக்கு எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. ஹால் வாட்ச்மேன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் வந்து அக்காவைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"எந்த அக்கா?"

"உங்க தங்கச்சிதான் சார். தினமும் வந்து பாடறாங்க. நல்லாத்தான் பாடறாங்க. ஆனா நான் ஹாலைப் பூட்டணுமே. கூப்பிட்டா வெளிய வர மாட்டேங்கறாங்க."

"நீங்க... பாத்தீங்களா?"

"லைட்டைப் போட்டா நிறுத்திடறாங்க. எங்க போய் ஒளிஞ்சுக்கறாங்களோ. இப்பக்கூட இருட்டுலதான் நிக்கறேன், மேடைகிட்ட. இருங்க, போனை நீட்டறேன். நீங்களே சொல்லுங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு...

"ம்க்கும்."

நிமிர்ந்து சில்லுவைப் பார்த்தேன். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம் எப்படி இருந்ததோ. புருவத்தை உயர்த்தினாள். உதடு அசைந்தது. வழக்கம்போல், சத்தம் வரவில்லை.

சத்தம் போனில் கேட்டது.

"யாருண்ணா?"