வாசற்படியில் நின்ற ஜெபம்

பாஸ்டரின் கைக்குட்டையில் அத்தர் மணக்கும். அதை மூக்கில் அழுத்திக்கொண்டு அவர் சித்தப்பாவின் அறை வாசலில் நின்றதை நினைத்தால், அத்தரும் சீழும் கலந்த அந்த நாற்றம் இப்போதும் என் தொண்டைக்குள் இறங்குகிறது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மார்த்தாண்டத்திலிருந்து வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, கரமனையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்தப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். நெடுநாளாகச் சர்க்கரை வியாதி. "கர்த்தரை நம்புகிறவனுக்கு மாத்திரை எதுக்கு?" என்று ஒரு கூட்டத்தில் பாஸ்டர் கேட்டார். சித்தப்பா வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை எல்லாம் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சபையில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஒரு நாள் செருப்பு கடித்துக் காலில் சின்னப் புண் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. நான் ஆபீசிலிருந்து திரும்பும்போது வீட்டுக்கேட்டைத் திறக்கும் முன்பே நாற்றம் வரும். எனக்குச் சோறு இறங்காது. சித்தி மட்டும் தினமும் வெந்நீர் வைத்து, துணியை நனைத்துப் புண்ணைத் துடைப்பாள். கணவர் சொன்னதற்கு மறுபேச்சு பேசி நான் அவளைப் பார்த்ததில்லை.

அன்று காலை காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்தபோது புண்ணுக்குள் புழு நெளிந்தது. நான் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது சித்தி புருவம் பிடுங்கும் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் பாஸ்டரும் சபையார் நான்கு பேரும் ஜெபிக்க வந்தார்கள். "புண்ணைப் பாக்காதீங்க, விசுவாசத்தைப் பாருங்க" என்றார் அவர், வாசலில் நின்றபடியே.

சித்தி எழுந்திருக்கவில்லை. "பாஸ்டரே, கொஞ்சம் கிட்ட வாங்க. இந்தக் காலுல கைவச்சு ஜெபிங்க" என்றாள்.

அவர் ஒரு கையை மட்டும் அறைக்குள் நீட்டினார். படிக்கு இந்தப் பக்கம் பாதம் வரவில்லை. கண்ணை மூடி, கைக்குட்டைக்குள்ளிருந்து, மூக்கடைத்த குரலில் நீண்ட ஜெபம் செய்தார். ஆமென் சொல்லும் முன்பே செருப்பைத் தேடினார்.

அவர்கள் போனதும் சித்தி கையைக் கழுவிவிட்டு என்னிடம், "பிள்ளே, ஒரு ஆட்டோ விளி" என்றாள்.

சித்தப்பா கட்டிலிலிருந்து கத்தினார். "நீ தெய்வத்துக்கு எதிராட்டு போற, கேட்டியா!"

"நாலு நாளா முழங்காலுல நிக்கும்போ எனக்கு ஒரே வார்த்தைதான் கேக்குது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன்னு. உங்களுக்குப் பயந்துதான் கீழ்ப்படியாம இருந்தேன். இனி முடியாது." அவள் குரலை உயர்த்தவில்லை. நானும் ஆட்டோக்காரரும் சேர்ந்து சித்தப்பாவைத் தூக்கினோம்.

"இத்ர நாள் நிங்ஙள் எவிடெயாயிருந்நு?" என்று டாக்டர் சித்தியைத்தான் திட்டினார். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்ட அந்தக் கேள்விக்கு அவள் தலைகுனிந்து நின்றாளே தவிர, பாஸ்டர் பெயரைச் சொல்லவில்லை. சித்தப்பாவைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். உயிர் பிழைத்தது.

மூன்று மாதம் கழித்து சித்தப்பா சபையில் சாட்சி சொன்னார். ஊன்றுகோலில் சாய்ந்து, மைக்கைப் பிடித்து, "என் வீட்டுக்காரியோட அவிசுவாசத்தால ஒரு கால் போச்சு. பாஸ்டரோட ஜெபத்தால உயிர் மிஞ்சிச்சு" என்றார். பாஸ்டர் புன்னகையோடு தலையசைத்தார். கூட்டம் "அல்லேலூயா!" என்று அதிர்ந்தது. புழுவைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய அருவருப்பு எனக்கு அப்போது வந்தது. பக்கத்தில் சித்தி மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏன் சித்தி சும்மா இருந்தீங்க? எழும்பி நின்னு சொல்லியிருக்காண்டாமா?"

"கர்த்தர் எனக்குச் சொன்னது அவரை ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான், மக்களே. பேரு வாங்கச் சொல்லல்லியே" என்றாள்.

சித்தப்பா அதற்குப் பிறகும் பல வருடம் வாழ்ந்தார். தன் மனைவியால் பிழைத்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவள்தான் கடைசிவரை அவரைக் குளிப்பாட்டினாள். நான் இப்போது வேறு சபைக்குப் போகிறேன். அங்கும் பலர் சாட்சி சொல்கிறார்கள். நம்பிக்கை, கீழ்ப்படிதல் என்ற சொற்களை இனிப்பு மிட்டாய் போல வாயில் உருட்டுகிறார்கள். அந்தப் பாஸ்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, சித்தப்பாவையும்தான்.

ஆனால் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அன்று சித்தப்பா சாட்சியை முடித்தபோது, சிறுவயதிலிருந்தே பழகிய வாய், கூட்டத்தோடு சேர்ந்து தானாகத் திறந்தது. சித்திக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, நானும் அல்லேலூயா சொன்னேன்.