ஞாயிறு: நட

பயணச்சீட்டு விற்கிற கடையில் இருப்பவருக்கு ஓர் ஊர் தெரியாமல் இருக்கலாம்; தெரியாது என்று சொல்லத்தான் வழியில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் சனம், இந்தப் பக்கம் நாம் என்று காலம் தள்ளுகிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என் மேசை ஒஸ்லோ நகரத்துக் குறொன்லாண்டில், ஒரு மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்தொன்பது வருடமாகக் கொழும்பு, சென்னை, திருச்சி. எந்த விமானம், எங்கே மாறுவது, எத்தனை கிலோ என்று தாளைப் பார்க்காமல் சொல்வேன். இப்போது எல்லாரும் கைத்தொலைபேசியிலேயே எடுத்துவிடுகிறார்கள். போன மாரியில் ஒரு கிழமை முழுக்க நாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் குளிருக்கு ஒதுங்கியவர்கள்.

முதலாளி ரமணன் கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார். மெக்சிக்கோவில் புவெர்த்தோ கரக்கோல் என்று ஒரு சின்னக் கடற்கரை ஊர். பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு கிழமைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் திரும்பி வந்து ஊரெல்லாம் நல்லதாகச் சொல்ல வேண்டும். பொறுப்பு என்னுடையது.

“இது சரிவராட்டி, அக்கா, உங்கட மேசை கிடக்கிற இடத்தை ஃபோன் கவர் விக்கிற ஆளுக்குக் குடுக்கிறதுதான்.”

நீங்கள் போனனீங்களோ?

விளம்பரத் தாளில் நீலக் கடல், ஒரு வள்ளம், ஒரு நாய். விசாரிக்க வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அதில் முப்பத்தாறு பேர் முதலில் கேட்டது, நீங்கள் போனனீங்களோ என்று. மற்ற இருவரும் கழிப்பறை எங்கே என்று கேட்டவர்கள். நான் பொய் சொல்வதில்லை. அதனால் படத்தை அவர்கள் பக்கம் திருப்பி, “இந்த வள்ளம் காலமையில மட்டும்தான் இதில நிக்கும்” என்பேன். அது உண்மை, விடுதிக்கார அம்மாவிடம் கேட்டு வைத்திருந்தேன். போய் வந்தவள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்வது?

ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து மரியதாஸ் அண்ணை மனைவி றீற்றாவோடு வந்தார். நெடுந்தீவுக்காரர். முப்பத்தொரு வருடம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டி இளைப்பாறியவர். போக ஆசைப்பட்டது றீற்றாதான். அவர் கண்ணாடியை உயர்த்திப் படத்தைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

“தங்கச்சி, கடல் எனக்குத் தெரியும். அதுக்குப் பக்கத்தில நிண்டு என்ன செய்யிறது எண்டு நாள் நாளா எழுதித் தாரும், வாறன்.”

பதினொரு வேலை

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நம்முடைய ஆட்களுக்கு விடுமுறை என்பது வேலை மாறுவதுதான். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று இல்லாவிட்டால் ஏமாற்றிப்போட்டார்கள் என்பார்கள். விடுதியை நடத்துகிற லூப்பே அம்மாவுக்கு நான் நோர்வேஜிய மொழியில் எழுதுவேன். கைத்தொலைபேசி அதை ஸ்பானிய மொழியாக்கும். அவர் எழுதுவதை எனக்கு நோர்வேஜியத்தில் திருப்பித் தரும். இப்படி ஒன்பது நாள் கேட்டு, திங்களுக்கு மீன் சந்தையும் கயிற்றூஞ்சல் பின்னுகிற இடமும், செவ்வாய்க்கு வள்ளத்தில் கண்டல் காடும் கோயிலும் என்று சனி வரைக்கும் சேர்த்தேன். புதனுக்கு மட்டும் ஒன்று. பின்னேரம் ஆமைக்குஞ்சைக் கடலில் விடுவது. மொத்தம் பதினொன்று.

ஞாயிறு வெறுமையாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது: nada. தனிச் சொல் என்பதாலோ என்னவோ, கைத்தொலைபேசி அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டது. நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். என் மருமக்கள் வாட்ஸப்பில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். அதை எழுத்துக் கூட்டி வாசித்துப் பழகியவள். இதையும் அப்படியே வாசித்தேன். நட. சந்தேகம் வரவில்லை. டொக்டர் மூன்று வருடமாக எனக்குச் சொல்வதும் அதுதான். இந்த நாட்டிலும் ஞாயிற்றுக்கிழமை முதுகில் பையும் அதற்குள் ஒரு தோடம்பழமும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்காதவரை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். உலகமெல்லாம் ஒரே வழக்கம் என்று நினைத்து, “ஞாயிறு: நட” என்று எழுதினேன்.

எங்கே, எவ்வளவு தூரம் என்று இல்லாமல் ஒருவரும் நடக்க மாட்டார்கள் என்றார் ரமணன். செய்மதிப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, தையல் நூலைக் கரையோரமாக வளைத்து வைத்து அளந்தேன். விடுதியிலிருந்து வெளிச்சவீடு வரை ஒன்பது கிலோமீட்டர். நாலாவதில் ஒரு மரம் தெரிந்தது; அங்கே இளைப்பாறல் பதினைந்து நிமிடம் என்று போட்டேன். ரமணன் வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

“இப்பதான் அக்கா இது பட்டியல் மாதிரிக் கிடக்கு.”

சப்பாத்து

பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். வெஸ்ட்லியிலிருந்து வந்த பத்மா, சோறு அவிக்கிற குக்கரைக் கையில் கொண்டுபோகலாமோ, பெட்டிக்குள் வைக்க வேண்டுமோ என்று கேட்டு ஏழு முறை தொலைபேசி எடுத்தார். கடைசி முறை விமான நிலையத்திலிருந்து.

கூட்டத்தில் சென்னையிலிருந்து வந்து ஒரு வருடமான கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்தப் பிள்ளையின் பெயர் நிவேதிதா. கணினி வேலை. போகிற நாட்டின் மொழியைக் கைத்தொலைபேசியில் படித்துக்கொண்டிருந்தாள். நடக்கிறதுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். சப்பாத்துத்தான் நல்லது என்றேன். காலில் போடுவதை அவர்கள் ஊரில் ஷூ என்பார்கள், எங்கள் சொல் அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. எல்லாருக்குமா என்று கேட்டாள். ஓம், பன்னிரண்டு பேருக்கும் என்றேன்.

“சரி ஆன்ட்டி, ஆளுக்கு மூணுன்னு வச்சு சுட்டுடறேன், கோதுமை மாவு மட்டும் நான் இங்கேருந்தே எடுத்துட்டுப் போயிடறேன்.”

சனிக்கிழமை நாலு மணி

அவர்கள் போன கிழமை, சனி பின்னேரம் நாலு மணி. அங்கே காலை ஒன்பது. ஃபோன் கவர் விற்கிறவர் வந்து, சுவருக்கும் என் மேசைக்கும் இடையே அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறு முனையைப் பிடித்திருந்தவர் ரமணன். நிவேதிதாவிடமிருந்து செய்தி வந்தது. ‘நட’ ஸ்பானியச் சொல்லாம். ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். நாளைக்கு இங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று லூப்பே அம்மா சொல்கிறாராம்.

மூன்று தரம் வாசித்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். பன்னிரண்டு பேரும் வெயிலில் ஒன்பது கிலோமீட்டர் நடந்து, ஊர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், நாடாவும் சுருண்டிருக்கும். ஆனால் அந்த ஒன்பதை நூல் வைத்து அளந்தவள் நான். பின்னறைக்குப் போய், முதன்முதலாகக் குரல் செய்தி ஒன்று அனுப்பினேன். பிழை என்னுடையது, ஞாயிறுக்கு ஒன்றுமில்லை, ஒருவரும் நடக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லு பிள்ளை என்றேன். பதினொரு நிமிடத்தில் பதில் வந்தது.

“சொல்லிட்டேன் ஆன்ட்டி, ஆனா மரியதாஸ் அங்கிள் பட்டியல்ல இருக்கிற நிறுத்தத்தை விட்டுட்டுப் போற பழக்கம் தனக்கு இல்லைங்கிறார்.”

எந்தப் புனிதர்?

புதன்கிழமை மரியதாஸ் அண்ணை, றீற்றா, பத்மா மூவரும் கடைக்கு வந்தார்கள். மூக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. ரமணன் பக்கத்தில் நின்றார். நான் எழும்பி, நிலத்தைப் பார்த்தபடி, “பிழை என்ரதுதான்” என்றேன். அவர்கள் அதைக் காதில் வாங்காமல் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

நடந்தது இதுதான். அண்ணை முன்னே, மற்றப் பதினொரு பேரும் வரிசையாகப் பின்னே, வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு கரையோரமாகப் போயிருக்கிறார்கள். அந்த ஊர்ச் சனத்துக்கு ஞாயிற்றுக்கிழமை செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது லூப்பே அம்மா சொன்னதுதானே. வாசலில் இருந்தவர்கள், ஏதோ புனிதருடைய திருநாளை மறந்துபோனோம் என்று நினைத்து எழும்பிப் பின்னால் வந்துவிட்டார்கள். ஒருவர் மேளம் கொண்டுவந்தார். பெண்கள் பூக் கொண்டுவந்தார்கள். எத்தனை பேர் என்று கேட்டேன். ஐம்பதுக்கு மேலே என்றார் பத்மா. சரியாகச் சொல்ல முடியவில்லை.

நாலாவது கிலோமீட்டரில் நான் போட்ட மரம், கவிழ்த்து வைத்த ஒரு வள்ளம். அதன் பக்கத்தில் உட்கார்ந்து நிவேதிதாவின் சப்பாத்தி முப்பத்தாறையும் ஊர்ச் சனம் தங்கள் ரொட்டி என்றே நினைத்துச் சாப்பிட்டது. உப்புக் குறைவு என்றும் சொன்னதாம். வெளிச்சவீடு என்பது உச்சியில் ஒரு விளக்கு வைத்த இரும்புக் கம்பம். அதன் அடியில் பூவை வைத்துக் கும்பிட்டுவிட்டு, இது எந்தப் புனிதர் என்று கேட்டிருக்கிறார்கள். நிவேதிதா படித்த பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. நாங்கள் நோர்வேயிலிருந்து வந்தவர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை விடுதிப் பலகையில் லூப்பே அம்மா எழுதிவிட்டார்: ஞாயிறு, நோர்வேக்காரரின் நடை.

மரியதாஸ் அண்ணை கைத்தொலைபேசியை எடுத்து, அந்தப் பலகையின் படத்தை முதலில் எனக்கும் பிறகு ரமணனுக்கும் காட்டினார்.

“முப்பத்தொரு வருசம் இஞ்சை பஸ் ஓட்டினன், தங்கச்சி, ஒருத்தரும் என்னை நோர்வேக்காரன் எண்டு சொல்லேல்லை, அங்கை ஒரு நடையில ஆக்கிப்போட்டினம்.”

அடுத்த பட்டியல்

அந்தக் கிழமைக்குள் ஹவுகன்ஸ்டுவா, வெஸ்ட்லி இரண்டு இடத்திலும் கதை பரவிவிட்டது. அடுத்த கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் பெயர் தந்தார்கள். இந்த முறை நான் போனேனா என்று கேட்டவர் மூன்று பேர். எப்போது நடை என்று கேட்டவர் பதினாறு. ஃபோன் கவர்க்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். சுவரில் அவர் பென்சிலால் போட்ட கோடு மட்டும் இன்னும் இருக்கிறது.

பழைய பட்டியலை எடுத்து, மரத்தை வெட்டி வள்ளம் என்றும், வெளிச்சவீட்டை வெட்டிக் கம்பம் என்றும், ‘நட’வை வெட்டி ஒன்றுமில்லை என்றும் திருத்தி ரமணனிடம் நீட்டினேன். முதல் இரண்டையும் விட்டார். மூன்றாவதைத் தன் பேனாவால் பழையபடி எழுதித் தாளைத் திருப்பித் தந்தார்.

“முடிஞ்சால் புதன் காலமைக்கும் ஒண்டு பிழையா எழுதுங்கோ, அக்கா.”

பத்தொன்பது வருடம் ஓர் எழுத்துப் பிசகாமல் பெயர் பதிந்த இந்த மேசையைக் கடைசியில் காப்பாற்றியது, நான் பிழையாக வாசித்த இரண்டெழுத்து.