கொட்டத்தில் இல்லாத ஆடுகள்

1. வரிசையாகப் பூஜ்யம்

மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து எங்கள் சர்வே ஆபீஸ் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நிவேதா மேடம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க."

கட்டம் கட்டமாக எண்கள். ஆங்கிலம் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் பூஜ்யம் எந்த மொழியிலும் பூஜ்யம்தான். மேலிருந்து கீழே வரிசையாக நின்றது.

"ஆடு கொடுத்த வீட்ல ஆடு இல்லண்ணே. பாதிக்கு மேல காலி. வித்துத் தின்னுட்டாங்கன்னு ப்ரொஃபசர் சொல்றாரு."

எங்கள் ஆராய்ச்சி இதுதான். ஏழைக் குடும்பத்துக்குக் கடன் கொடுக்காமல் ஒரு சொத்தைக் கையில் கொடுத்தால் அது நிலைக்குமா, வருமானம் கூடுமா என்று பார்ப்பது. பேரையூர்ப் பக்கம் மானாவாரி ஊர்கள் பன்னிரண்டை எடுத்தோம். ஒவ்வொரு ஊரிலும் குலுக்கல் போட்டோம். சீட்டு விழுந்த வீட்டுக்கு இரண்டு பெட்டை வெள்ளாடு. விழாத வீட்டுக்கு அப்போது ஒன்றும் கிடையாது. ஒன்றரை வருடம் கழித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் விழாதவர்களுக்கும் இரண்டாம் கட்டத்தில் ஆடு. விழுந்த வீட்டை ட்ரீட்மென்ட் என்றும் விழாத வீட்டைக் கன்ட்ரோல் என்றும் சொல்வோம். நிவேதா மேடம் பிஎச்.டி. செய்வது இதில்தான். அவருக்கு மேலே வெளிநாட்டில் ஒரு ப்ரொஃபசர்.

"ரிப்போர்ட் இப்படியே போனா ரெண்டாம் கட்டம் கிடையாதுண்ணே. பணம் கொடுக்கிறவங்க நிறுத்திருவாங்க. திங்கக்கிழமை வீடியோ கால் இருக்கு, அன்னைக்கு முடிவு."

"நான் போய்ப் பார்த்துட்டு வாரேன் மேடம்."

"போயி என்ன பண்ணப் போறீங்க? டேட்டாவை லாக் பண்ணியாச்சு."

"ஆட்டை லாக் பண்ணலைல்ல?"

அவர் சிரிக்கவில்லை. அழுதிருந்தார் என்பது முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

2. நான் இந்த வேலைக்கு வந்த விதம்

ஒன்பதாவதில் பெயிலானேன். பிறகு லாரியில் கிளீனர், திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் ரப்பர் தோட்டம், மாட்டுத்தாவணியில் ஹெல்மெட் வியாபாரம். எந்த இடத்திலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. சில ஊரில் துரத்தினார்கள், சில ஊரில் நானே கிளம்பினேன். பசித்த நாட்கள் உண்டு. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு சர்வே டீம் வழி தெரியாமல் டீக்கடையில் நின்றது. வழி காட்டப் போன நான் ஒரு வாரம் கூடவே சுற்றினேன். கதவு திறக்காத வீட்டில் கதவைத் திறக்க வைக்கத் தெரிகிறது என்று என் கையில் கேள்விகள் ஏற்றிய டேப்லெட் ஒன்றை, எங்கள் பேச்சில் டேப், கொடுத்தார்கள். நடப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தத் திட்டம் வந்தபோது சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே ஐந்து பேர். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவனும் நான்தான். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

3. மஞ்சள் வில்லை

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். யார் பெயரையும் வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் வாசித்துக் காட்டித்தான் கேள்வி கேட்டோம். இங்கே வரும் ஆட்கள் பெயரும் மாற்றியவை.

முதலில் பேச்சியம்மாளைத் தேடினேன். ஐம்பது வயதிருக்கும். குலுக்கலில் பெயர் விழுந்த வீடு, டேப்பில் பூஜ்யம் விழுந்த வீடு. அன்றைக்குப் பேச்சியம்மாள் கண்மாயில் நூறு நாள் வேலையில் நின்றது.

"ஏய், ஆட்டுக் கணக்கன் வந்துட்டான்டீ" என்று ஒரு பெண் குரல் கொடுத்தது.

"தம்பி, மறுபடியும் நாப்பது பக்கமா? இந்த மண்ணைக்கூட அள்ளிருவேன், உன் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது" என்றது பேச்சியம்மாள்.

"ஒரே ஒரு கேள்விக்கா. ஆடு எங்க?"

"எந்த ஆடு?"

"நாங்க கொடுத்தது."

"அதான் ஆட்டுக் கொட்டத்துல இல்லன்னு அன்னைக்கே சொன்னேனே. நீயும் எட்டிப் பார்த்துட்டு எழுதிக்கிட்டுப் போனியே."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மண்வெட்டியைப் பிடித்தார்கள். அதுவரை யாரும் பிடிக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

கரையில் ஏறி மறுபக்கம் இறங்கினேன். சீமைக்கருவேல நிழலில் ஏழெட்டு வெள்ளாடுகள் உதிர்ந்து கிடந்த காய்ந்த நெத்துப் பொறுக்கிக்கொண்டு நின்றன. மேய்த்தவள் செல்லத்தாயி. முப்பத்தைந்து வயது. லோடு ஏற்றி முதுகு போன புருஷன் வீட்டில் கிடக்கிறார். குலுக்கலில் அவளுக்கு விழவில்லை. அவள் வீட்டிலும் நான்தான் கேள்வி கேட்டேன். சொந்த ஆடு பூஜ்யம் என்று எழுதினேன்.

என்னைப் பார்த்ததும் இரண்டு ஆட்டை மட்டும் அவசரமாக மரத்துக்குப் பின்னால் விரட்டினாள். அவை மிரண்டு என் பக்கமே வந்தன. காதில் மஞ்சள் வில்லை. நாங்கள் ஆடு கொடுத்தபோது மாட்டியது. எண்ணை டேப்பில் போட்டுப் பார்த்தேன். பேச்சியம்மாள் வீட்டு ஆடு.

"திருட்டு ஆடு இல்லண்ணே" என்றாள் செல்லத்தாயி. "வாரத்துக்கு வாங்கி மேய்க்கிறேன்."

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கூலி வேலைக்குப் போகிறவள் ஆட்டை யார் மேய்ப்பது? மேய்க்க நேரம் இருக்கிற வீட்டில் கொண்டுபோய் விடுவாள். தாய் ஆடு கொடுத்தவளுக்கே சொந்தம். குட்டியில் பாதி மேய்த்தவளுக்கு. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. என் அக்கா புருஷனே அப்படித்தான் மேய்த்தார். எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை.

"இதுல உன் பங்கு எத்தனை தாயி?"

"மூணு குட்டிண்ணே. கெடா ஒண்ணு, பெட்டை ரெண்டு. ஆபீசுல இருந்து வந்து ஆட்டைத் திருப்பிப் புடிச்சிட்டுப் போயிருவாங்களாண்ணே? இந்த மூணை வச்சுத்தான் இவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு இருக்கேன்."

"ஏன் புடிப்பாங்க?"

பதில் பின்னாலிருந்து வந்தது. பேச்சியம்மாள் மண்வெட்டியோடு கரையில் நின்றது.

"நீங்கதான கையெழுத்து வாங்குனீங்க? ரெண்டு வருசத்துக்கு ஆட்டை விக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு? நான் என்ன பண்ணுவேன் தம்பி? நானும் என் மருமகளும் வெடியக் காலம்பற கூலிக்குப் போயிருவோம். கட்டிப் போட்டா ஆடு பட்டினி கெடந்து சாகும். இவளுக்குச் சீட்டு விழல. எனக்கு விழுந்துச்சு. ஆளுக்குப் பாதின்னு விட்டுட்டேன். இது ஒரு குத்தமா?"

ஊரில் எத்தனை வீட்டில் இப்படி என்று கேட்டேன். பேச்சியம்மாள் கையை விரித்து ஊரையே ஒரு சுற்றுக் காட்டியது.

4. என் தப்பு

திரும்பி வரும் வழியில் பேரையூரில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு டேப்பில் அந்தக் கேள்வியை முழுதாக வாசித்தேன்.

'உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான ஆடுகள், இப்போது எங்கே இருந்தாலும், யார் வளர்த்தாலும், மொத்தம் எத்தனை?'

கேள்வி சரியாகத்தான் இருந்தது. நான் அப்படிக் கேட்கவில்லை. நாற்பது பக்கப் படிவம். ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிக்க வேண்டும். பதில் சொல்கிறவள் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்திருப்பாள். அதனால் நீளக் கேள்விகளை எல்லாம் நான் சுருக்கி வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு என் சுருக்கம்: "கொட்டத்துல எத்தனை ஆடு நிக்குதுக்கா?" அதையே என் ஐந்து பேருக்கும் சொல்லிக் கொடுத்தேன். "இப்படிக் கேளுங்கடா, டக்குன்னு பதில் வரும்" என்று சொன்னது நினைவிருக்கிறது.

பேச்சியம்மாள் கொட்டத்தில் நிற்கவில்லை என்றது. உண்மை. செல்லத்தாயி கொட்டத்தில் நின்ற ஆட்டைப் பார்த்து, உன்னுடையதா என்றேன். என்னுடையது இல்லை என்றாள். அதுவும் உண்மை, அப்போது குட்டி பிரிக்கவில்லை. அதன் காதில் வில்லை இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. ஆடு இரண்டு வீட்டுக்கும் நடுவில் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தது. என் கேள்வியில் மட்டும் செத்துப்போனது.

ராத்திரி வரை காத்திருக்காமல் மேடத்துக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன்.

"அண்ணே, அப்ப ரிப்போர்ட்ல 'பதில் சொன்னவங்க சரியான தகவலைத் தரல'ன்னு ஒரு வரி சேர்த்துடலாம். உங்க பேரும் கெடாது, என் வேலையும் தப்பிச்சிரும்."

"அப்படி எழுதுனா அந்தப் பொம்பளைங்க பொய் சொன்ன மாதிரி ஆயிரும் மேடம். கையெழுத்துப் போட்ட விதியையும் மீறுனாங்க, பொய்யும் சொன்னாங்கன்னு ரெண்டு சேர்ந்துரும். அப்புறம் ரெண்டாம் கட்டம் வருமா?"

"வராது."

"பொய் சொல்லல மேடம். நான் தப்பாக் கேட்டேன். டேப்ல என் குரல் பதிவாகியிருக்கும்ல? எடுத்துக் கேளுங்க."

கேள்வி கேட்கும்போது டேப் நடுநடுவே குரலைப் பதிவு செய்யும். பதில் சொல்கிறவரிடம் சம்மதம் வாங்கித்தான். ஒழுங்காகக் கேட்கிறோமா என்று ஆபீசில் பரிசோதிக்க அந்த ஏற்பாடு. என் பதிவை யாரும் பரிசோதித்ததில்லை. நான் சூப்பர்வைசர். மற்ற ஐந்து பேர் பதிவைக் கேட்டுச் சரி என்றவனும் நான்தான்.

5. திங்கள்கிழமை

வீடியோ காலில் ப்ரொஃபசர் வந்தார். தமிழ்க்காரர்தான், ஆனால் பேச்சில் தமிழ் பாதி மறந்திருந்தது. மேடம் ஆங்கிலத்தில் விவரம் சொல்லிவிட்டு என் குரல் பதிவைப் போட்டார். 'கொட்டத்துல எத்தனை ஆடு நிக்குதுக்கா? சீக்கிரம் சொல்லுக்கா.' அந்த 'சீக்கிரம் சொல்லுக்கா' எனக்கே மறந்துபோயிருந்தது.

"இது எத்தனை வீட்ல இப்படிக் கேட்டீங்க?" என்றார் ப்ரொஃபசர்.

"எல்லா வீட்லயும் சார். ஆறு பேரும்."

"உங்களை வேலையை விட்டு எடுக்கலாம், தெரியுமா?"

"எடுங்க சார். அதுக்கு முன்னால ஒரு மாசம் கொடுங்க. எல்லா வீட்டுக்கும் போய் அந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்பக் கேட்டுட்டு வாரேன். சம்பளம் வேணாம். பெட்ரோல் மட்டும் கொடுங்க. அந்த ஜனங்களை விதி மீறுனவங்கன்னு எழுத மாட்டோம்னு இப்பவே சொல்லணும். சொன்னாத்தான் உண்மை வரும்."

அவருக்குப் புரியாததை மேடம் மொழிபெயர்க்கும்போது கூடவே தன் பங்குக்கும் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் குரல் உயர்ந்தது, கன்னம் சிவந்தது. அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. பிறகு கேட்டதற்கு, "என் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனா போகட்டும்னு சொன்னேண்ணே" என்றார்.

ப்ரொஃபசர் ஒரு மாதம் கொடுத்தார்.

6. ஒரே கேள்வி

என் ஐந்து பேரில் இரண்டு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது, சம்பளம் இல்லாத வேலை. சித்திரை வெயில். என் டிவிஎஸ் வண்டி இரண்டு தடவை பஞ்சர். ஓர் ஊரில் நாய் கடித்தது, பேரையூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் அதே தெருவில் மீதி வீட்டை முடித்தேன்.

பன்னிரண்டு ஊரிலும் கேள்வியை ஒரு வார்த்தை குறைக்காமல் வாசித்தோம். யாரிடம் ஆடு, யாருக்குக் குட்டி, எந்த ஈத்தில் எத்தனை குட்டி. ஆடுகள் பெரும்பாலும் இருந்தன. செத்தது சில, விற்றது சில. மீதி எல்லாம் பக்கத்து வீட்டில், நாத்தனார் வீட்டில், அடுத்த ஊர்க் கொழுந்தியாள் வீட்டில். சில இடத்தில் சீட்டு விழாத வீட்டில்தான் அதிக ஆடு நின்றது.

சந்தோஷமாக எண்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆடு கிடைச்சிருச்சு. ஆனா ஆராய்ச்சி போச்சு" என்றார். எனக்குப் புரிய வைத்தார். ஆடு பெற்ற வீட்டையும் பெறாத வீட்டையும் ஒப்பிடுவதுதான் திட்டம். ஜனங்கள் இரண்டு பக்கத்துக்கும் பங்கு வைத்துவிட்டார்கள். இனி யாரை யாரோடு ஒப்பிடுவது?

அவருடைய படிப்பு சொன்னபடியே ஒரு வருடம் தள்ளிப்போனது. முதலில் நினைத்த கட்டுரை வரவில்லை. வாரத்துக்கு விடுவதைப் பற்றி வேறொன்று எழுதினார். அதில் ஒரு வரி, முதல் தடவை களப்பணியாளர்கள் கேள்வியை மாற்றிக் கேட்டதால் பிழை நேர்ந்தது என்று. எனக்கு வாசித்துக் காட்டி, "இது இருக்கட்டுமா?" என்றார். இருக்கட்டும் என்றேன். என் பெயர் போடவில்லை, ஆனால் அந்த வரி நான்தான். வேலையை விட்டு எடுக்கவில்லை. சூப்பர்வைசர் பதவி போனது. நியாயம்தான்.

ஜனங்கள் ஆட்டை அழிக்கவில்லை என்பது பணம் கொடுப்பவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டாம் கட்டம் வந்தது. யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற விதியை எடுத்துவிட்டார்கள்.

7. செல்லத்தாயி கேட்டது

இரண்டாம் கட்ட ஆடு கொடுத்த அன்றைக்குச் செல்லத்தாயி தனக்கு வந்த இரண்டையும் பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து, ஒன்றை மாற்றித் தரச் சொல்லிக் கால்நடை டாக்டரோடு சண்டை போட்டு ஜெயித்தாள். அடுத்த சர்வேக்கு அவள் வீட்டுக்குப் போனேன். புருஷனுக்கு மதுரையில் வைத்தியம் நடக்கிறதாம். உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். அவளும் அவரோடு ஆஸ்பத்திரிக்கு அலைகிறாள்.

நான் டேப்பைத் திறந்து கேள்வியை முழுதாக வாசித்தேன். எங்கே இருந்தாலும், யார் வளர்த்தாலும், மொத்தம் எத்தனை.

"ஏழுண்ணே. வீட்ல ரெண்டு, பேச்சி அக்கா கொட்டத்துல அஞ்சு. அக்கா இப்ப கூலிக்குப் போறதில்ல, முட்டி வலி. நான் அவங்ககிட்ட வாரத்துக்கு விட்டுருக்கேன். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன் தாயி."

"மொதத் தடவ ஏண்ணே இப்படிக் கேக்கல?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். படிவம் நீளம், ஆறு வீடு, உலை கொதிக்கிறது.

"அவசரப்பட்டுட்டேன்" என்றேன்.

அவள் ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒண்ணரை வருசம் கழிச்சு வந்து கேக்குற ஆளுக்கு, ஒரு நிமிசத்துல என்னண்ணே அவசரம்?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.