குமரேசன் அண்ணனும் என் கட்டம் போட்ட சட்டையும்

குமரேசன் அண்ணன் இறந்துவிட்டார் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வரும் பொய்ச் செய்திகளில் பாதி நான் போடுபவை. போடுகிறவனுக்குத்தானே சந்தேகமும் முதலில் வரும்? செய்தி போட்ட சஜி சேட்டனைக் கூப்பிட்டேன்.

"சேட்டா, உள்ளதா?"

"போட் ஜெட்டியில படகுக்காக நின்னுட்டிருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தாரு. அவ்வளவுதான். இதுல விளையாட நான் என்ன நீயாடா?"



அண்ணனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மட்டாஞ்சேரியில் நம் ஆட்களின் வீடுகளில் சடங்கு, நிச்சயம், கல்யாணம் என்று சுவரில் தொங்குகிற படங்களில் பெரும்பாலானவை அவர் எடுத்தவை. அவர் படம் பிடிப்பவர், நான் படம் காட்டுபவன். எங்களுக்குள் இருந்தது ஒரு தொழில் போட்டி. நம் தமிழ் மன்றத்தின் நினைவு மலருக்கு என்னைத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மலையாளம் என்றால் கை வேகமாக ஓடும். தமிழுக்கு அம்மாதான் பிழை திருத்தினார். ஆகவே பிழை இருந்தால் அம்மாவுடையது.

போட்டி தொடங்கியது மன்றத்தின் பொங்கல் விழாவில். குழுப்படம் எடுக்க எல்லோரையும் நிறுத்தி அண்ணன் "ரெடி" சொன்ன நொடியில் நான் தலையை இடமும் வலமுமாக உதறினேன். எல்லோர் முகமும் பளிச்சென்று விழுந்தது. என் கழுத்துக்கு மேல் மட்டும் ஒரு மேகம். கூப்பிட்டுத் திட்டுவார் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, மன்றத்துச் சுவரில் மாட்டினார். கீழே எல்லோர் பெயரும் வரிசையாக இருந்தது. என் இடத்தில் மட்டும் 'புகை'. அன்றிலிருந்து தெருவில் எனக்கு அதுதான் பெயர். கோபம் வந்தால் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுகிறார். தோற்ற பிறகு ஒருவரை இவ்வளவு பிடிக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது எங்கள் தெரு சுகன்யா அக்காவின் கல்யாணத்தைப் பற்றி.

அக்காவின் அப்பா மாடசாமி மாமா கட்டட வேலைக்காரர். தாயில்லாத பெண்ணைத் தனியாக வளர்த்தவர். கல்யாணம் நெருங்கிய நேரத்தில் சாரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து, ஆலுவாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். தேதியைத் தள்ளி வைக்கலாம் என்று இடக்கொச்சி மாப்பிள்ளை வீட்டார் சொல்லத்தான் செய்தார்கள். மாமா சம்மதிக்கவில்லை. பார்க்கப் போன அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தாலி ஏறும்போ எம்புள்ள முகம் எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குக் காணணும் குமரேசா. அது ஒண்ணு மதி, அது ஒண்ணு போதும். வேற படமே வேண்டாம்."

கல்யாணம் எங்கள் தெரு அம்மன் கோயிலில், விடிகாலை முகூர்த்தம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேளக்காரர்கள் உட்கார்ந்ததும் கரண்ட் போனது. சன்னதிக்கு முன்னால் இருப்பது ஜன்னல் இல்லாத சின்ன மண்டபம். அங்கே இருந்த வெளிச்சமெல்லாம் குத்துவிளக்குகள்தான். மங்கல நிகழ்ச்சி மங்கல் நிகழ்ச்சி ஆகிவிட்டது. அம்மன் முன்னால் விளக்கொளி தவிர வேறு ஒளி கூடாது என்பது அந்தக் கோயிலின் வழக்கம். ஃபிளாஷ் கிடையாது, டார்ச்சும் கிடையாது. உள்ளே போனுக்கு ரேஞ்ச் இல்லாததால் வீடியோ காலும் கிடையாது. மாமாவின் கண்ணாக அங்கே இருந்தது அண்ணனின் கேமரா ஒன்றுதான்.

அந்தக் கேமராவுக்கோ கண் தெரியவில்லை. அண்ணன் பட்டனைப் பாதி அழுத்தினார். லென்ஸ் முன்னால் போனது, பின்னால் வந்தது, மறுபடியும் முன்னால் போனது. எங்கேயும் நிற்கவில்லை. விளக்கைப் பிடிக்க வைத்தால் சுடர் மட்டும் கூர்மையாக விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்த அக்காவின் முகம் தண்ணீரில் விழுந்த சாயம்போலக் கரைந்துபோனது. முகத்தில் அரை இருட்டு, சேலை முழுக்க ஒரே அரக்கு நிறம். ஃபோகஸ் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்புகூட இல்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா பொறுமை இழந்தார். "ஒரே ஒரு ஃபிளாஷ் அடிங்க தம்பி. அம்மன் ஒண்ணும் சொல்லாது."

அண்ணன் பூசாரியின் முகத்தைப் பார்த்தார். "அம்மன் சொல்லாதுங்க. இவரு சொல்லுவாரு."

பிறகு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது. மாப்பிள்ளையின் செருப்பை எங்கே ஒளிக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"புகை, இங்க வா."

"நான் ஒண்ணும் செய்யலண்ணே."

"செருப்ப அப்பறம் குடு. இப்ப உன் சட்ட வேணும். கட்டம் நல்லாருக்குடா உனக்கு."

நான் போட்டிருந்தது வெள்ளையில் தடித்த கறுப்புக் கட்டம் போட்ட சட்டை. என் ஜாதகத்தைப் பார்த்த எல்லோரும் கட்டம் சரியில்லை என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரே ஆள் குமரேசன் அண்ணன்.

"அக்கா பக்கத்துல போயி முட்டி போட்டு நில்லு. அவ முகம் இருக்க அதே தூரத்துல உன் சட்ட இருக்கணும். அசையாத."

"எதுக்குண்ணே?"

"இருட்டுல கேமராவும் நம்மளப் போலத்தான். பிடிச்சுக்க ஒரு கோடு வேணும். நீ நின்னா மதி. மத்தது நான் பாத்துக்கறேன்."

முட்டி போடுவது பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பழகிய வேலை. அசையாமல் இருப்பதுதான் பழக்கமில்லை. நின்றவுடனே மூக்கு அரித்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமாடா?" என்று மட்டும் உதடு அசையாமல் கேட்டார். படம் அப்பாவுக்குத் தெளிவாகத் தெரியுமா என்று கேட்கிறார். வாயில் வந்த பகடியை விழுங்கினேன். மூக்கைச் சொறியவில்லை.

லென்ஸ் என் சட்டையின் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணன் ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். லென்ஸ் மறுபடி தேடக் கிளம்பாதபடி பக்கத்திலிருந்த விசையைத் தள்ளி அந்தத் தூரத்திலேயே அதை நிறுத்தி வைத்தார். "மோளே, இனி முன்ன பின்ன சாயாத" என்று அக்காவிடம் சொன்னார். என்னிடம், "ஓடு." கெட்டிமேளம் கொட்டியபோது அவர் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை.

தாலி ஏறியதும் ரேஞ்சுக்காக நானும் அவரும் தெருவுக்கு ஓடினோம். நான் குடை பிடிக்க, அவர் படத்தைப் போனுக்கு ஏற்றி மாமாவுக்கு அனுப்பினார். உடனே மாமாவின் அழைப்பு. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"குமரேசா, எம்புள்ள லட்சணமா இருக்கா. ஆனா மாப்பிள்ளைய யாருடா மாத்தினது? இது நம்ம புகையில்லையா?"

முதலில் போனது சோதனைக்கு எடுத்த படம். மாலையும் கழுத்துமாகச் சுகன்யா அக்கா. பக்கத்தில் பக்தி சிரத்தையோடு முட்டி போட்ட நான். சட்டையின் ஒவ்வொரு கட்டமும் அவ்வளவு தெளிவு. அந்தப் பக்கம் மாமா "ஐயோ, என் காலு" என்றபடியே சிரித்தார். இந்தப் பக்கம் அண்ணன் சரியான படத்தை அனுப்பினார். சிரிப்பு நின்றது. 

"அவ அம்மையப் போலவே கீழுதட்டக் கடிச்சுட்டிருக்காடா" என்றார் மாமா. 

முதல் படம் தானாகப் போனதா, வேண்டுமென்றே அனுப்பியதா என்று அண்ணனிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். "மன்றத்துப் படத்துல உன் முகம் காணலைன்னு உங்கம்மா குறைபட்டா. இதுல தெளிவா விழுந்துச்சில்லே?" என்பார். அதுவே பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணன் இறந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணனின் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். வந்தவர்கள் என்னென்னவோ சொன்னார்கள். மதினியின் பார்வை முன்னால் போனது, பின்னால் வந்தது, யார்மேலும் நிற்கவில்லை. என்னைக் கண்டதும் நின்றது.

"புகை வந்தியா? 'ஒரு தடவதான் அடங்கி நின்னான், ஆனா நிக்க வேண்டிய நேரத்துல நின்னான்'னு உன்னச் சொல்லுவாருடா."

நான் மதினிக்குப் பக்கத்தில் சுவரோரம் போய் நின்றேன். கம்பு ஊன்றி வந்த மாடசாமி மாமா, "மாப்பிள்ளே" என்று மெல்லக் கூப்பிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அண்ணனைத் தூக்கும்வரை அங்கேயே நின்றேன்.

அந்தச் சட்டை இப்போது தோளில் இறுக்குகிறது. தம்பி கேட்கிறான், கொடுக்க மாட்டேன். எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. அவரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது 'நின்னா மதி' என்ற அந்தச் சொல்.

அன்று மதினிக்குப் பக்கத்தில் நின்றபோதும் மூக்கு அரித்தது. சொறியவில்லை, அண்ணே.